300 ரூபாய் சார்ஜர், 30,000 ரூபாய் போன்... நட்டம் யார் தலையில்?

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால், மாலை நேரத்தில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. கடை வாசல்களில் தோரணமாகத் தொங்கும் கேபிள்கள், தட்டுகளில் குவிந்து கிடக்கும் அடாப்டர்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்த பேட்டரிகள். லேப்டாப் பையோடு வந்து நிற்கும் ஒருவர், கருகல் வாடை இன்னும் போகாத ஒரு அடாப்டரை எடுத்து மேஜைமேல் வைக்கிறார்.

“அண்ணே, போன வாரம் இங்கதான் வாங்கினேன். நேத்து ராத்திரி டப்புன்னு ஒரு சத்தம். அதுலேருந்து லேப்டாப் ஆன் ஆகல.”

கடைக்காரர் புரட்டிப் பார்க்கிறார். “பில் இருக்கா?”

“நீங்க பில்லே தரலையே. ஜிபே பண்ணினேன்.”

“சார், இதுக்கெல்லாம் செக்கிங் வாரண்டி மட்டும்தான். வாங்கும்போதே போட்டுப் பார்த்துதானே எடுத்துட்டுப் போனீங்க? வேணும்னா வேற அடாப்டர் ஒண்ணு தர்றேன். லேப்டாப்புக்கு நான் எப்படி சார் பொறுப்பாக முடியும்?”

ஆளும் கடையும் மாறலாம்; பேச்சு இதுதான். மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் மொபைல் கடைகள் வரிசைகட்டி நிற்கும் எந்தத் தெருவிலும் இதைக் கேட்கலாம். கேட்டவர் பெரும்பாலும் புது அடாப்டரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். லேப்டாப் செலவைத் தன் விதி என்று ஏற்றுக்கொள்கிறார். கடைக்காரரின் கடைசிக் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது என்பது இருவருக்குமே தெரிவதில்லை.

மூன்று வாசல், மூன்று கைவிரிப்பு

கடையில் விடை கிடைக்காதவர் அடுத்துப் போவது லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு. “வேற கம்பெனி சார்ஜர் போட்டிருக்கீங்க. மதர்போர்டு போயிருச்சு. இது வாரண்டியில வராது” என்று எஸ்டிமேட் எழுதித் தருகிறார்கள். மூன்றாவதாக, சார்ஜரின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கஸ்டமர் கேர் எண்ணை அழைத்தால், “உங்க லேப்டாப்புலதான் கோளாறு, எங்க பொருள்ல பிரச்சினை இல்லை” என்கிறார்கள். எண்ணே வேலை செய்யாமல் போவதும் உண்டு.

ஆளுக்கு ஒருவரை நோக்கிக் கைகாட்டும் இந்தச் சுற்றில், சின்னப் பொருளுக்கான நட்டம் சின்னது என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் பதிந்துபோகிறது. 300 ரூபாய்க்கு வாங்கியதற்கு 300 ரூபாய்க்கு மேல் என்ன கேட்க முடியும்? கேட்க முடியும். அந்த 300 ரூபாய்ப் பொருள் எதைக் கெடுத்ததோ, அதன் மதிப்பையும் சேர்த்தே கேட்கலாம்.

பெட்டியிலிருந்து காணாமல்போன சார்ஜர்

இந்தப் பிரச்சினை இன்று இவ்வளவு பரவியிருப்பதற்கு ஒரு காரணம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. 2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது ஆப்பிள் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ்21 மாடலுடன் சாம்சங்கும் அதே வழிக்கு வந்தது. மின்கழிவு குறையும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட் போன்றவற்றுக்கு டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியது. எல்லாக் கருவிக்கும் ஒரே துளை வந்துவிட்டதால் எல்லாச் சார்ஜரும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதுபோலத் தோன்றுகிறது. பழைய சார்ஜர் பழுதானவர், தொலைத்தவர், அலுவலகத்துக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்பவர் எல்லோரும் வெளிக்கடைக்குப் போகிறார்கள். அதில் தவறு ஏதுமில்லை. வெளிச்சந்தையில் நல்ல தயாரிப்புகளும் நிறைய உண்டு. துளை ஒன்றானதே தவிர, உள்ளே இருப்பது ஒன்றல்ல.

ஒரு கேபிள் கொன்ற லேப்டாப்

2016 பிப்ரவரி. கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங், அதற்கு முந்தைய சில மாதங்களாக ஓய்வு நேரத்தில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். அமேசானில் விற்கும் டைப்-சி கேபிள்களைச் சொந்தக் காசில் வாங்கி, தரவிதிப்படி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விமர்சனம் எழுதுவது. அன்று அவர் சொருகிய ஒரு கேபிள், அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப்பின் இரண்டு டைப்-சி துளைகளையும் செயலிழக்கச் செய்தது. சோதனைக் கருவிகளும் சேதமாயின.

கேபிளை ஆராய்ந்தபோது தெரிந்தது: மின்சாரம் போகவேண்டிய கம்பியும் தரைக்கம்பியும் உள்ளே இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. 56 கிலோ ஓம் மின்தடை இருக்கவேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம். வேகமான தரவுப் பரிமாற்றத்துக்கென்று விற்கப்பட்ட கேபிளில், அதற்கான கம்பிகளே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒழுங்கான கேபிள்தான். அடுத்த மாதமே, தரவிதிக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தன் விதிகளில் சேர்த்தது.

லியுங்கிடம் சோதனைக் கருவி இருந்தது. எது எதைக் கொன்றது என்று அவரால் காட்ட முடிந்தது. நம்மூர் வாங்குபவரிடம் இருப்பது கருகிய ஒரு டப்பாவும் ஓடாத ஒரு லேப்டாப்பும்தான். இந்த வித்தியாசம் வழக்கு வரைக்கும் தொடரும்.

சார்ஜருக்குள் நடப்பது என்ன? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட், உள்ளே நுழைந்ததும் நேர்மின்சாரமாகி 325 வோல்ட்டைத் தொடுகிறது. அதைத் துண்டாடி, குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 5 வோல்ட்டாகவோ 20 வோல்ட்டாகவோ இறக்க வேண்டும். உயர் அழுத்தப் பக்கமும் போனைத் தொடும் பக்கமும் ஒன்றையொன்று தீண்டாமல் பிரிந்திருக்க வேண்டும். இடைவெளி, காப்பு, அதற்கென்றே உள்ள மின்தேக்கி எல்லாம் இதற்காகத்தான். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது வெளியே தெரியாத இந்தப் பாகங்களில். காப்புப் போதாவிட்டால் ஷாக். வோல்ட்டைக் கண்காணித்துத் திருத்தும் சுற்று மோசமாக இருந்தால், 5 வோல்ட் எதிர்பார்க்கும் போனுக்கு அதைவிடப் பல மடங்கு போய்ச் சேரும். சார்ஜிங் ஐசி முதலில் எரியும், பிறகு போர்டு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். “65 வாட் சார்ஜரை 18 வாட் போனுக்குப் போட்டீங்க, அதான் போச்சு” என்று சில சர்வீஸ் சென்டர்களிலேயே சொல்கிறார்கள். தரவிதிப்படி செய்த சார்ஜர் கருவியிடம் கேட்டுத்தான் அழுத்தத்தை உயர்த்தும். கருவி தனக்கு வேண்டிய கரண்ட்டை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும். வாட் அதிகம் என்பது மட்டுமே சேதத்துக்குக் காரணமாகாது. கேட்காத வோல்ட்டைக் கொடுப்பதுதான் காரணமாகும். அது சார்ஜரின் குறைபாடு, பயன்படுத்தியவரின் தவறல்ல. உருளை முனை உள்ள பழைய அடாப்டர்களில் கதை வேறு: முனை பொருந்தினாலும் ஒன்று 5 வோல்ட், இன்னொன்று 12 வோல்ட். வைஃபை ரவுட்டரின் அடாப்டரைச் செட்-டாப் பாக்ஸில் சொருகிவிட்டுக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது.

பெட்டிச் செய்தி: 400-இல் 3
ஆப்பிள் பெயரில் விற்கப்பட்ட 400 போலி அடாப்டர்களை யூஎல் என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2016-இல் பரிசோதித்தது. அடிப்படைப் பாதுகாப்புச் சோதனைகள் அனைத்திலும் தேறியவை மூன்றே மூன்று. 12 அடாப்டர்கள் உயிரைப் பறிக்கும் மின்னதிர்ச்சி தரக்கூடிய அளவுக்கு மோசமாக வடிவமைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் அமெரிக்காவில் ஒரு விநியோக நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், அமேசானில் அசல் என்ற பெயரில் விற்கப்பட்ட தன் சார்ஜர்கள், கேபிள்களை வாங்கிச் சோதித்ததில் சுமார் 90 சதவீதம் போலி என்று கூறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு பொருள் இன்னொரு பொருளைக் கெடுத்தால் யார் பொறுப்பு என்பதற்குத் தனி அத்தியாயம் கிடையாது. 2019-இல் நிறைவேறி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதைக் கொண்டுவந்தது. ஆறாவது அத்தியாயம், 82 முதல் 87 வரையிலான பிரிவுகள். குறையுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்குத் தயாரிப்பாளர், விற்பவர், சேவை தருபவர் ஆகியோரின் பொறுப்பை இவை வரையறுக்கின்றன.

‘தீங்கு’ என்றால் என்ன என்பதைச் சட்டத்தின் 2(22)-ஆம் பிரிவு சொல்கிறது. குறையுள்ள பொருளால் மற்ற உடைமைக்கு ஏற்படும் சேதம் தீங்கு. உடல் காயம், உயிரிழப்பு தீங்கு. அந்தக் காயத்தாலோ உடைமைச் சேதத்தாலோ உண்டாகும் மன உளைச்சலும் தீங்கு. அந்தப் பொருளே கெட்டுப்போனது மட்டும் இந்த அத்தியாயத்தில் வராது. அதற்கு, பணத்தைத் திருப்பித் தா, மாற்றித் தா என்று கேட்கும் பழைய வழி இருக்கிறது.

கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கல்லூரி மாணவிக்கு அவர் அப்பா 450 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் சார்ஜர் வாங்கித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது மதர்போர்டை எரித்துவிடுகிறது. பழுதுபார்க்க 16,000 ரூபாய் என்று எஸ்டிமேட். 450 ரூபாயைக் குறையுள்ள பொருளுக்கான விலையாகத் திரும்பக் கேட்கலாம். 16,000 ரூபாயை உடைமைச் சேதமாகக் கேட்கலாம். அதையொட்டிய மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் தனி. காசு கொடுத்தது அப்பா என்றாலும் வழக்கை மாணவியே தொடுக்கலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

எதைக் கேட்க முடியாது? லேப்டாப் ஓடாததால் கைவிட்டுப்போன ஒரு ஃப்ரீலான்ஸ் வேலையின் வருமானம். வணிக, பொருளாதார இழப்புகளை இந்த அத்தியாயத்தின் ‘தீங்கு’ வரையறை வெளியே நிறுத்திவிடுகிறது. எதிர்த்தரப்பின் அலட்சியத்தால் வந்த இழப்பு என்று 39-ஆம் பிரிவின் கீழ் வாதிட இடம் உண்டு. ஆனால் அலட்சியத்தைக் காட்டும் சுமை கூடுதல்.

கடைக்காரர் மாட்டுவது எங்கே?

“நான் செஞ்சதில்லை சார், வாங்கி விக்கிறேன், அவ்வளவுதான்.” இது நியாயமான வாதம்தான். சாதாரணமாகச் சட்டமும் தயாரிப்பாளரைத்தான் முதலில் பிடிக்கிறது. தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை, சொன்ன வாரண்டிக்குப் பொருந்தாமை, சரியான பயன்பாட்டு எச்சரிக்கை இல்லாமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 84-ஆம் பிரிவின்படி அவர் பொறுப்பு. எழுத்தில் கொடுத்த வாரண்டியைப் பொறுத்தவரை, தான் அலட்சியமாக இருக்கவில்லை என்று நிரூபித்தாலும் அவர் தப்ப முடியாது.

ஆனால் ரிச்சி தெருவின் தட்டுகளில் குவிந்திருக்கும் அடாப்டர்கள் பலவற்றில் தயாரித்தவர் பெயரே இல்லை. சட்டத்தின் 86-ஆம் பிரிவு எழுதப்பட்டதே இந்தத் தட்டுக்காகத்தான் என்று தோன்றும். தயாரிப்பாளர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தாலும் அவருக்கு நோட்டீஸ் கொண்டுசேர்க்க முடியவில்லை. அல்லது அவர் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டவரே இல்லை. இவற்றில் எது நடந்தாலும் பொறுப்பு விற்றவர்மேல் வந்து உட்காருகிறது. கடைக்காரர் தானாகத் தனி வாரண்டி கொடுத்திருந்தாலும் அப்படித்தான். “ஆறு மாசத்துக்கு நான் கேரண்டி தம்பி” என்று வாயால் சொன்னதைப் பில்லில் எழுதி வாங்கியிருந்தால், அந்த வரி வழக்கில் பேசும். இறக்குமதி செய்பவரும் சட்டத்தின் பார்வையில் விற்பனையாளர்தான்.

பெயரில்லாப் பொருளை விற்கும் கடைக்காரர் தயாரிப்பாளரின் செருப்பில் கால் நுழைக்கிறார். சின்னக் கடைக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டால், மொத்த வியாபாரியிடம் பில்லும் பிராண்டும் கேட்டு வாங்கத் தொடங்குவார்கள். அவர்களையும் காப்பாற்றும் கேள்விகள் அவை.

இன்னொரு பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’. பில் போட மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறைகள். பில்லில் காலக்கெடு ஏதும் சொல்லாவிட்டால், 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க வேண்டும். சுவரில் மாட்டிய பலகை, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைவிடப் பெரியது ஆகாது.

பெட்டிச் செய்தி: பில், யூபிஐ, ஆர் எண்
ஜிஎஸ்டி சட்டப்படி 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்கு, வாங்குபவர் கேட்காவிட்டால் கடைக்காரர் தனிப் பில் தரவேண்டியதில்லை. கேட்டால் தரவேண்டும். 200-க்கு மேல் கேட்கவே தேவையில்லை. எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் சேர்ந்த விலை. “பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி” என்று எம்ஆர்பிக்கு மேல் வாங்க முடியாது. யூபிஐ ரசீது எவ்வளவு பணம், யாருக்கு, எப்போது என்று சொல்லும். என்ன வாங்கினோம் என்று சொல்லாது.
அடாப்டர், பவர் பேங்க், போன் பேட்டரி ஆகியவை இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருபவை. லேபிளில் தர எண்ணும் (அடாப்டரில் இதுவரை பெரும்பாலும் ஐஎஸ் 13252, பேட்டரியில் ஐஎஸ் 16046) ‘ஆர்’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் வரும். வரும் பெயர் கையிலிருக்கும் பொருளின் பிராண்டோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். போலிகள் வேறொருவர் எண்ணை அச்சடித்துக்கொள்வது உண்டு.

ஆன்லைனில் வாங்கினால் யாரைப் பிடிப்பது?

சான் டியேகோவைச் சேர்ந்த ஒரு பெண் தன் லேப்டாப்புக்கு மாற்று பேட்டரி ஒன்றை அமேசானில் வாங்கினார். விற்றது ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு நிறுவனம். இணையத்தில் காட்டியதோ வேறொரு புனைபெயர். சில மாதங்கள் கழித்து அந்த பேட்டரி வெடித்து அவருக்குக் கடுமையான தீக்காயம். ஹாங்காங் நிறுவனம் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. “நாங்கள் சந்தை மட்டும்தான், விற்பவர் நாங்கள் அல்ல” என்றது அமேசான். 2020 ஆகஸ்ட் 13 அன்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொருளைத் தன் கிடங்கில் வைத்தது, பணம் வாங்கியது, தன் பெட்டியில் அனுப்பியது எல்லாம் அமேசான். வாங்குபவருக்கும் பொருளுக்கும் நடுவில் நின்ற அந்த நிறுவனம் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்றது. 2024 ஜூலையில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும், தன் கிடங்கு வழியாக அனுப்பும் பொருட்களுக்கு அமேசான் ‘விநியோகஸ்தர்’தான் என்று முடிவுசெய்தது.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பாதி தூரம் வந்திருக்கின்றன. விற்பவரின் பெயர், முகவரி, பொருள் தயாரான நாடு ஆகியவற்றைத் தளம் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள, போலியான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. ஆனால் சேதத்துக்குத் தளம் பொறுப்பா என்ற கேள்வியில், இடைத்தரகருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பைத் தளங்கள் கேடயமாகப் பிடிக்கின்றன. நுகர்வோர் குறைதீர் ஆணையங்களின் தீர்ப்புகளும் ஒரே திசையில் இல்லை. அதனால் வழக்குப் போடுபவர் விற்றவர், இறக்குமதி செய்தவர், தயாரித்தவர், தளம் என எல்லோரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே சரி. யார் எவ்வளவு என்று ஆணையம் பிரித்துக்கொள்ளட்டும்.

2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இன்னொரு பாதையைக் காட்டியது. கட்டாயத் தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க அனுமதித்ததற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசானில் விற்ற 2,265 குக்கர்களையும், ஃபிளிப்கார்ட்டில் விற்ற 598 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, திரும்பப் பெற்று, பணம் கொடுக்கச் சொன்னது. ஒருவர்கூடத் தனியாக வழக்குப் போட வேண்டியிருக்கவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்கச் சொருகிவைக்கும் சார்ஜருக்கும் அதே கடுமை வேண்டும்.

“வாரண்டி போச்சு” உண்மையா?

பாதி உண்மை. வெளிச் சார்ஜர்தான் சேதத்துக்குக் காரணம் என்றால், அந்தப் பழுதை வாரண்டியில் சரிசெய்ய போன் கம்பெனி மறுக்கலாம். பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் இந்த நிபந்தனை இருக்கிறது. ஆனால் வெளிச் சார்ஜர் பயன்படுத்தினார் என்பதற்காகக் கேமரா கோளாறுக்கும் ஸ்பீக்கர் கோளாறுக்கும் வாரண்டி இல்லை என்றால் அது அநியாயம். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டம், குறிப்பிட்ட கம்பெனியின் பாகத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. 2018-இல் இப்படி எழுதியிருந்த ஆறு நிறுவனங்களுக்கு அந்நாட்டு வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம்மிடம் அவ்வளவு நேரடியான சட்டம் இல்லை. தொடர்பில்லாத கோளாறுக்கு மறுத்தால் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம்.

கம்பெனியின் பக்கமும் ஒன்று உண்டு. 2018 மார்ச்சில் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவிக்கு ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்ததும், வேறு நிறுவனம் தயாரித்த டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) பொருத்தியவர்களின் கருவிகள் செத்துப்போயின. டாக் தயாரித்த நிறுவனம் பிரச்சினை இருப்பதை ஒப்புக்கொண்டது. உரிமம் பெறாத துணைக்கருவிகள் எங்கள் சோதனைக்கு உட்பட்டவை அல்ல என்றது நின்டெண்டோ. தன் கையில் இல்லாத பொருளுக்கு ஒரு கம்பெனி எப்படிப் பொறுப்பேற்கும் என்று கேட்டால், அதுவும் கேள்விதான்.

பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. சர்வீஸ் சென்டர் வாரண்டியை மறுத்து எழுதித் தரும் தாள்தான், சார்ஜர் விற்றவர்மேல் போடும் வழக்கின் முதல் சாட்சி. ‘வெளிச் சார்ஜரிலிருந்து வந்த அதிக மின்னழுத்தத்தால் சார்ஜிங் ஐசி எரிந்துள்ளது’ என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று ஒற்றை வரியில் முடித்தால் ஒப்புக்கொள்ளக் கூடாது. கோபத்தில் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டவர்கள், கையிலிருந்த வழக்கையே கிழித்துப்போட்டவர்கள்.

நிரூபிக்க வேண்டியது யார்?

இங்கேதான் சட்டம் சாமானியரைக் கைவிடுகிறது.

நுழைவாயில் எளிதாகத்தான் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. சார்ஜர் எங்கே வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், காணொலி விசாரணை கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தரவேண்டும். கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் இல்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இந்தக் கெடு தாண்டுவது வழக்கமாகிவிட்டது.

சோதனை என்ற இடத்தில்தான் சிக்கல். குறை இருக்கிறது என்று காட்ட வேண்டியவர் புகார்தாரர். பார்த்தால் தெரியாத குறை என்றால் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். சென்னையில் திருவான்மியூரில் மின்னணுச் சோதனை மையமும், தரமணியில் தேசியச் சோதனைக் கூடமும் இருக்கின்றன. ஆனால் ஆய்வகக் கட்டணத்தைப் புகார்தாரரே முதலில் கட்ட வேண்டும். 450 ரூபாய் சார்ஜருக்காக யார் கட்டுவார்கள்?

கட்டினாலும், எரிந்துபோன சார்ஜரைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வாளர் அது எரிந்திருக்கிறது என்று சொல்வார். சார்ஜர் லேப்டாப்பை எரித்ததா, அல்லது வீட்டு லைனில் வந்த மின்னழுத்த ஏற்றம் இரண்டையும் எரித்ததா என்பதைச் சொல்வது கடினம். எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துத் தொங்குவது இந்த இரண்டாவது சாத்தியத்தில்தான். அதே பிளக் போர்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனும் ரவுட்டரும் நன்றாக இருந்தன என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்வது அப்போது உதவும். அன்றைக்கே எடுத்த புகைப்படமும் வீடியோவும் உதவும்.

மருத்துவ அலட்சிய வழக்குகளில், நடந்த சம்பவமே அலட்சியத்துக்குச் சாட்சி என்ற கொள்கையை ஆணையங்கள் ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. சார்ஜருக்கும் அதை நீட்டலாம். பிஐஎஸ் பதிவு எண் இல்லாத, அல்லது போலி எண் போட்ட ஒரு சார்ஜரை விற்றவர், ‘என் பொருள் நல்ல பொருள்’ என்று தானே நிரூபிக்கட்டும். கட்டாயப் பதிவை மீறி விற்றவருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுப்பதில் நியாயம் இல்லை. ஆய்வகக் கட்டணத்தையும் அவரே முதலில் கட்டட்டும்.

பெட்டிச் செய்தி: எரிந்த அன்று
மெயின் ஸ்விட்ச்சை அணைத்த பிறகே சார்ஜரைத் தொட வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. எரியக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சார்ஜரைக் குப்பையில் போடக் கூடாது, பிரிக்கவும் கூடாது. சேதம் நடந்தபோது பொருள் மாற்றப்பட்டிருந்தது, தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்பது 87-ஆம் பிரிவில் விற்பவருக்கு உள்ள தற்காப்பு; பிரித்துப்போட்ட சார்ஜர் அந்த வாதத்துக்கு வழிவிடும். “பழசைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கோங்க” என்று கடையில் சொன்னால், பழையதைக் கொடுத்த கணமே சாட்சியம் போய்விடும். லேபிளைப் படம் எடுத்து, சர்வீஸ் சென்டரில் மாற்றிய போர்டைத் திரும்பக் கேட்டு வாங்கி, கடைக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் எழுதிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் அல்ல. கம்பெனியிடம் பேசித் தீர்க்க முயலும் வழி. முடியாவிட்டால்தான் ஆணையம்.

மீண்டும் ரிச்சி தெரு

இரவு எட்டரை மணி. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. கடைசியாக வந்த ஒருவர் டைப்-சி அடாப்டர் ஒன்றைக் கையில் எடுத்து, லேபிளைப் போன் வெளிச்சத்தில் படிக்கிறார். பிஐஎஸ் செயலியில் எண்ணைத் தட்டிப் பார்க்கிறார். பிறகு பில் கேட்கிறார்.

கடைக்காரர் ஒரு நொடி பார்த்துவிட்டு, பில் புத்தகத்தை எடுக்கிறார். ‘மொபைல் அக்சஸரீஸ் – 1’ என்று எழுதுகிறார்.

“அண்ணே, பிராண்டும் மாடலும் போடுங்க. அந்த ஆர் நம்பரையும்.”

பேனா கொஞ்சம் தயங்குகிறது. கடைக்காரர் பெட்டியைத் திரும்பத் தன் பக்கம் இழுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எட்டு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதத் தொடங்குகிறார்.